விழுக்காட்டை ஆகச் சுருங்கிய பின்னமாக்குவது எப்படி? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடக்கநிலை ஐந்தில் விழுக்காடு பாடம் தொடங்கியதுமே பெற்றோரின் கேள்விகளும் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் பிள்ளை கணக்கை ஆங்கிலத்தில் படிக்கிறது. வீட்டில் சொல்லித்தருபவர் ஊரில் தமிழ்வழி படித்த அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருப்பார். துணைப்பாடம் நடத்தும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்களுக்காகத் தமிழிலேயே எழுதிவைக்கிறேன். பின்னத்தில் மேலே இருக்கும் எண் தொகுதி, கீழே இருப்பது பகுதி. இந்த இரண்டு சொற்கள் போதும்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

% குறியை எடுத்துவிட்டுக் கீழே 100 போடுங்கள். 45% என்றால் 45/100. அவ்வளவுதான், அது பின்னமாகிவிட்டது. மீதி வேலை எல்லாம் சுருக்குவதில்தான் இருக்கிறது.

எந்த எண்ணால் வகுப்பது என்று என் மகளுக்குத் தெரியவில்லை. 2, 3, 4, 6, 7 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறாள். இதற்கு வழி உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தொகுதி எதுவாகவும் இருக்கலாம். ஆனால் பகுதி எப்போதும் 100தான். 100-ஐப் பிரித்துப் பார்த்தால் 2 × 2 × 5 × 5. அதற்குள் 3 இல்லை, 7 இல்லை, 11 இல்லை. மேலும் கீழும் ஒரே எண்ணால் வகுபட்டால்தான் சுருக்க முடியும் என்பதால், 2-ஐயும் 5-ஐயும் தவிர வேறு எந்தப் பகா எண்ணையும் உங்கள் மகள் முயன்று பார்க்கத் தேவையே இல்லை. 27% கொடுத்தால் 27 மூன்றால் வகுபடுகிறதே என்று பிள்ளைகள் தயங்கி நிற்பார்கள். கீழே இருக்கும் 100 மூன்றால் வகுபடாது. 27/100 அப்படியே விடை.

இதிலிருந்து ஒரு பழக்கம் வரும்: விழுக்காட்டின் கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். அது 1, 3, 7, 9 என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், சுருங்காது. 51%, 57%, 87%, 91% எல்லாம் சுருங்கும்போலத் தோன்றும், சுருங்காது. கடைசி இலக்கம் 5 என்றால் ஐந்தால் வகுங்கள்: 35/100 → 7/20. இதில் 25, 75 இரண்டும் மட்டும் இன்னொரு முறை ஐந்தால் வகுபட்டு 1/4, 3/4 ஆகும். கடைசி இலக்கம் 2, 4, 6, 8 என்றால் பாதியாக்குங்கள். தொகுதி அப்போதும் இரட்டைப்படையாக இருந்தால் மறுபடி பாதியாக்குங்கள். கடைசியில் சுழியம் இருந்தால் முதலில் பத்தால் வகுத்துவிட்டு மறுபடி பாருங்கள்: 40/100 → 4/10 → 2/5.

என் மகன் 72/100-ஐ 36/50 என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறான். எங்கே நிறுத்துவது என்று எப்படிச் சொல்லித்தருவது?

நோட்டில் மூன்று வரிகளாக எழுதச் சொல்லுங்கள்:

72/100
36/50
18/25

மூன்றாவது வரியில் பகுதியைக் காட்டுங்கள். 25 ஒற்றைப்படை. 18 இன்னும் இரட்டைப்படையாக இருந்தாலும் கீழே பாதியாக்க ஒன்றும் இல்லை. 100-க்குள் இரண்டு 2-கள் மட்டுமே இருந்தன, இரண்டையும் எடுத்தாயிற்று. 64% கூட 16/25-இல் நின்றுவிடும். 16-ஐப் பார்த்ததும் இன்னும் பாதியாக்கக் கை துறுதுறுக்கும். கீழே பார்த்துவிட்டு நிறுத்தப் பழக வேண்டும்.

முழு எண் விழுக்காடு எதைக் கொடுத்தாலும், சுருக்கிய பின் பகுதியில் 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100 ஆகிய ஒன்பதில் ஒன்றுதான் வரும். பிள்ளையின் விடையில் 15 என்றோ 30 என்றோ பகுதி வந்திருந்தால், கணக்கைப் பார்க்காமலே தவறு என்று சொல்லிவிடலாம். 1% முதல் 100% வரை நூறையும் சுருக்கிப் பார்த்தால் சரியாக 40 மட்டும் 100-ஐப் பகுதியாக வைத்துக்கொண்டு நிற்கும். அவை 1, 3, 7, 9-இல் முடிபவை. விடுமுறை நாளில் பிள்ளையைக் கட்டம் போட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், அதன் பிறகு இந்தப் பாடத்தில் தடுமாற மாட்டார்கள்.

மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடித்து ஒரேயடியாகச் சுருக்க வேண்டாமா?

செய்யலாம், கட்டாயமில்லை. 84-க்கும் 100-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 4. 21/25 உடனே வரும். 2, 2 என்று படிப்படியாக வகுத்தாலும் அதே 21/25தான்.

எல்லாவற்றையும் கால்குலேட்டர் செய்துவிடுகிறதே, எதற்காகச் சுருக்கப் பழக வேண்டும்?

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வான பிஎஸ்எல்இ-யில், கணக்கின் முதல் தாளில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. அது ஒரு காரணம்தான். பெரிய காரணம், இங்குள்ள பிள்ளைகள் கணக்கைப் பட்டை வரைந்து போடுகிறார்கள் என்பது. பட்டையை எத்தனை கட்டமாகப் பிரிப்பது என்பதைச் சுருங்கிய பின்னத்தின் பகுதிதான் சொல்லும்.

ஒரு கணக்கு: கயல் தன் சேமிப்பில் 37.5% கொடுத்துத் தீபாவளிக்குச் சுடிதார் வாங்கினாள். மீதிப் பணத்தில் 40% கொடுத்துத் தம்பிக்குச் சட்டை வாங்கினாள். கையில் 90 வெள்ளி மிச்சம். முதலில் இருந்த சேமிப்பு எவ்வளவு?

விழுக்காடாகவே வைத்துக்கொண்டால் 62.5-இல் 60% என்று போய்ச் சிக்கும். சுருக்கிப் பாருங்கள். 37.5% என்பது 3/8. எட்டுக் கட்டம் வரையுங்கள், மூன்று சுடிதாருக்குப் போயிற்று, ஐந்து மீதி. 40% என்பது 2/5. மீதி இருப்பதும் ஐந்து கட்டம்! இரண்டு சட்டைக்கு, மூன்று மிச்சம். மூன்று கட்டம் 90 வெள்ளி என்றால் ஒரு கட்டம் 30, எட்டுக் கட்டம் 240 வெள்ளி. பெருக்கல் வாய்பாடு தெரிந்த பிள்ளை இதை மனக்கணக்காகவே முடித்துவிடும்.

37.5 எப்படி 3/8 ஆனது? தசமம் வந்தால் என்ன செய்வது?

பின்னத்துக்குள் புள்ளி இருக்கக்கூடாது. புள்ளி போகும்வரை மேலேயும் கீழேயும் பத்தால் பெருக்குங்கள். 37.5/100 → 375/1000. பிறகு பழையபடி ஐந்தால்: 75/200, 15/40, 3/8. 1000 என்றாலும் அதற்குள் 2-உம் 5-உம் மட்டுமே இருப்பதால் முன்பு சொன்ன விதி மாறாது. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்தால் 100-ஆல் பெருக்குங்கள்: 6.25/100 → 625/10000 → 1/16.

2.5% என்ற ஒன்றை மட்டும் மனத்தில் பதிய வைத்துவிடுங்கள்: 25/1000, அதாவது 1/40. நம் வாழ்க்கையில் அடிக்கடி வரும் எண் இது. மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்குக்கு வட்டி ஆண்டுக்கு 2.5%, நாற்பது வெள்ளிக்கு ஒரு வெள்ளி. முஸ்லிம் குடும்பங்கள் செலுத்தும் ஸகாத்தும் சேமிப்பில் 2.5%, நாற்பதில் ஒரு பங்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5%. செய்தியில் 2.5 என்று படிக்கும்போது சும்மா கடந்து போகிறோம். நாற்பது பேரில் ஒருவர் என்று எண்ணிப் பார்த்தால், வீட்டில் பிள்ளைகளோடு தமிழில் பேசுவது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

0.5% என்பது பாதிதானே?

இல்லை. 0.5 பாதி; 0.5% என்பது நூறில் ஒரு பங்கின் பாதி, அதாவது 0.5/100 = 5/1000 = 1/200. ஆயிரம் வெள்ளியில் 0.5% ஐந்து வெள்ளி, பாதி ஐந்நூறு வெள்ளி. % குறியைக் கண்டுகொள்ளாமல் விடுவதால் வரும் இந்தத் தவறுதான் மாணவர்களின் தாள்களில் நான் ஆக அதிகமாகத் திருத்துவது. 6% என்பதை 6/10 என்று எழுதுவது அடுத்தது. குறியைப் பார்த்ததும் வேறு எதுவும் யோசிக்கும் முன் "கீழே நூறு" என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.

33⅓% மாதிரி பின்னத்தோடு வரும் விழுக்காட்டை என்ன செய்வது?

முதலில் கலப்புப் பின்னத்தை உடைத்துவிடுங்கள். 33⅓ என்பது 100/3. அதை நூறால் வகுக்க வேண்டும், அதாவது பகுதியை நூறால் பெருக்க வேண்டும்: 100/300 = 1/3. அதே முறையில் 16⅔% → 50/3 → 50/300 → 1/6. 8⅓% → 25/300 → 1/12. 14 2/7% → 100/700 → 1/7.

இங்கே மட்டும்தான் பகுதிக்குள் 3-உம் 7-உம் நுழைகின்றன. விழுக்காட்டிலேயே அவை ஒட்டிக்கொண்டு வந்ததால்தான்.

33⅓ என்பதை 33.3 என்று எழுதிச் சுருக்கலாமா?

கூடாது. 33.3% என்பது 333/1000. அதற்கு மேல் சுருங்காது, 1/3-க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் விடை வேறு.

சிராங்கூன் சாலை நகைக்கடையில் இதைக் கையில் எடுத்தே பார்க்கலாம். 22 கேரட் தங்கம் என்றால் 24 பங்கில் 22 பங்கு சுத்தத் தங்கம். 22/24 = 11/12. இதை விழுக்காடாக்கினால் 91⅔%, புள்ளி போட்டால் 91.666... என்று முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். நகையின் உட்பக்கத்தில் இருக்கும் முத்திரையில் அவ்வளவையும் பொறிக்க முடியாது. ஆயிரத்துக்கு 916 என்று பொறித்திருப்பார்கள். அதனால்தான் கடைக்காரர் "916 தங்கம்" என்கிறார்.

இப்போது முத்திரையில் உள்ள 91.6%-ஐச் சுருக்குங்கள்: 916/1000 → 458/500 → 229/250. இதுவும் 11/12-உம் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1/1500. பதினைந்து கிராம் சங்கிலியில் அது பத்து மில்லிகிராம். தங்கம் வாங்குவதில் பெரிய இழப்பு இல்லை. கணக்குத் தேர்வில் 11/12 கேட்டால் 229/250 எழுத முடியாது என்பதுதான் செய்தி. ஒரு பவுன் எட்டு கிராம், அதில் சுத்தத் தங்கம் எவ்வளவு என்று பிள்ளையைக் கேளுங்கள். 11/12 தெரிந்த பிள்ளை 88/12, அதாவது 7⅓ கிராம் என்று தாளில்லாமல் சொல்லும். 18 கேரட் கேட்டால் இன்னும் எளிது: 18/24 = 3/4 = 75%.

100%-க்கு மேல் போனால்?

முறை ஒன்றே. 125% → 125/100 → 5/4, கலப்புப் பின்னமாக 1¼. 100-ஐத் தாண்டினால் தவறோ என்று பயப்பட வேண்டாம். ஒரு பொருளின் விலை வரியோடு சேரும்போது 100%-ஐத் தாண்டத்தான் செய்யும்.

பொருள் சேவை வரி 9% என்பதை எப்படிப் பின்னமாக்குவது? விலைக்குள்ளேயே வரி இருந்தால் எவ்வளவு வரி என்று எப்படிப் பிரிப்பது?

9/100. ஒன்பதில் முடிவதால் சுருங்காது. இந்த வரியின் வரலாறே நல்ல பயிற்சித்தாள். 1994-இல் 3% என்று தொடங்கியது: 3/100. 2003-இல் 4%: 1/25. 2004-இல் 5%: 1/20. 2007-இல் 7%: 7/100. 2023-இல் 8%: 2/25. 2024 முதல் 9%. எவை சுருங்கின, எவை நின்றன என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வியில் பெரியவர்களே தடுக்கி விழுவார்கள். வரியோடு சேர்த்து 54.50 வெள்ளி கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி 54.50-இன் 9/100 அல்ல. வரி போடும் முன் விலை 100 பங்கு, வரி 9 பங்கு, நீங்கள் கொடுத்தது 109 பங்கு. ஆகவே வரி கொடுத்த தொகையில் 9/109. 54.50 × 9/109 = 4.50 வெள்ளி. பொருளின் விலை 50 வெள்ளி. எதற்கு எத்தனை பங்கு என்பதைப் பின்னம் காட்டிக்கொடுக்கிறது. விழுக்காடு அதை மறைத்துவிடும்.

உணவகப் பட்டியலில் ++ என்று போட்டிருந்தால் சேவைக் கட்டணம் 10%, அதன் மேல் வரி 9%. இரண்டையும் கூட்டி 19% என்று நினைக்கக்கூடாது. 11/10 × 109/100 = 1199/1000. நாற்பது வெள்ளிச் சாப்பாடு 44 ஆகி, வரியோடு 47.96 ஆகும். அடுத்த முறை குடும்பத்தோடு சாப்பிடப் போகும்போது ரசீதைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

தீபாவளிச் சந்தையில் 30% தள்ளுபடி, அதற்கு மேல் 20% தள்ளுபடி என்கிறார்கள். மொத்தம் 50% தானே?

இல்லை. 30% போனால் மீதி 7/10. அதில் 20% போனால் மீதி 4/5. 7/10 × 4/5 = 28/50 = 14/25, அதாவது 56% கொடுக்கிறீர்கள். தள்ளுபடி 44%.

சம்பளத்தில் சேமநிதிக்குப் பிடிப்பது?

55 வயது வரை ஊழியரின் பங்கு 20%, அதாவது 1/5; முதலாளியின் பங்கு 17/100. கூட்டினால் 37/100. ஏழில் முடிகிறது, சுருங்காது.

தேர்வு மதிப்பெண்ணுக்கு இது உதவுமா?

பிஎஸ்எல்இ-யில் ஒவ்வொரு அடைவுநிலையின் தொடக்க மதிப்பெண்ணையும் பாருங்கள்: 90, 85, 80, 75, 65, 45, 20. எல்லாமே ஐந்தின் மடங்குகள். ஆகவே எல்லாவற்றையும் இருபதைப் பகுதியாக வைத்து எழுதலாம். பள்ளியில் நாற்பது மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைக்கிறார்கள், 85%-க்கு எவ்வளவு எடுக்க வேண்டும்? 85% = 17/20, இருபதுக்கு 17 என்றால் நாற்பதுக்கு 34. 65% = 13/20, நாற்பதுக்கு 26. தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே இப்படிக் கணக்கிடும் பிள்ளைகளுக்கு 17/20-ஐ யாரும் மனப்பாடம் செய்துதர வேண்டியதில்லை.

எங்கள் தாத்தா அரைக்கால், மாகாணி, மா என்கிறார். அதற்கும் விழுக்காட்டுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு, தாத்தாவைப் பிள்ளையோடு உட்கார வையுங்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி வைத்து மனப்பாடம் செய்த பின்னங்கள் இவை. கால் 25%, அரைக்கால் 1/8, அதாவது 12.5%. மா 1/20, அதாவது 5%. அரைமா 1/40, மேலே பார்த்த அதே 2.5%. இருமா 10%, மும்மா 15%, நாலுமா 20%. காணி 1/80, அதாவது 1.25%. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி: 5% + 1.25% = 6.25%, அதுதான் 1/16. முந்திரி 1/320.

பிள்ளைக்கு ஒரு கேள்வி போடுங்கள்: இவை எல்லாம் ஏன் விழுக்காட்டில் முடிவுள்ள தசமமாகவே வருகின்றன? 320-ஐப் பிரித்துப் பார்த்தால் ஆறு 2-களும் ஒரு 5-உம். மறுபடி அதே இரண்டு எண்கள்தான். முந்திரிகளை எத்தனை அடுக்கினாலும் மூன்றில் ஒன்று சரியாக வராது என்பதும் அதனால்தான். தேர்வில் மா, காணி கேட்க மாட்டார்கள். ஆனால் 5%, 1/20, மா மூன்றும் ஒரே அளவு என்று உணர்ந்த பிள்ளைக்குப் பின்னத்தின் மீது பயம் இருக்காது.

எவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும்?

கொஞ்சம்தான். 12.5% = 1/8, 37.5% = 3/8, 62.5% = 5/8, 87.5% = 7/8; 33⅓% = 1/3, 66⅔% = 2/3; 2.5% = 1/40. மற்றவற்றைச் சுருக்கிக்கொள்ளலாம், அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

விடை சரியா என்று பிள்ளையே சரிபார்க்க முடியுமா?

பின்னத்தை 100-ஆல் பெருக்கினால் பழைய விழுக்காடு திரும்பி வர வேண்டும். 3/8 × 100 = 300/8 = 37.5. வந்துவிட்டால் மதிப்பு சரி. ஆனால் 36/50 கூட 72 என்றே திரும்பி வரும். ஆகவே முழுவதும் சுருங்கியதா என்பதை மேலும் கீழும் ஒன்றாக 2-ஆலோ 5-ஆலோ வகுபடுகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். கலப்புப் பின்ன விழுக்காடு என்றால் 3-ஐயும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டில் போட்டுப் பார்க்கச் சில கணக்குகள் தர முடியுமா?

48%, 95%, 62.5%, 0.8%, 4.5%, 31.25%, 225%, 83⅓%. கால்குலேட்டர் இல்லாமல், ஒரு வரிக்கு ஒரு வகுத்தல்.

விடைகள்: 12/25, 19/20, 5/8, 1/125, 9/200, 5/16, 2¼, 5/6. இதில் 0.8%-ஐ 4/5 என்று எழுதியிருந்தால், "0.5% என்பது பாதிதானே?" என்ற கேள்விக்கான பதிலைப் பிள்ளையோடு சேர்ந்து இன்னொரு முறை படியுங்கள்.